கிராம சபை, வாக்காளர் பட்டியல், மனு: மலையில் வேலை பார்த்த பழைய ஊராட்சி செயலரிடம் கேட்டவை

சேர்வராயன் மலை ஊராட்சிகளில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம்.

கல்லூரி மாணவி: கிராம சபையில் பேச என்ன தகுதி வேண்டும் ஐயா?

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கண்ணு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடும். பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. பதினேழு முடிந்ததுமே கொடுத்து வைக்கலாம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதே.

மலைக்கிராமத்திலிருந்து ஓர் அம்மா: போன கூட்டத்தில் ரோடு கேட்டோம். சரி என்றார்கள். இப்போது, அப்படித் தீர்மானமே இல்லை என்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் அம்மா, ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கீழே இறங்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். தீர்மானப் புத்தகத்தில் தேதியை மட்டும் எழுதி, நாலு விரல் இடம் விட்டு, கீழே வரிசையாகக் கையெழுத்து வாங்கினேன். மீதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. மை தடவிய கட்டைவிரலோடு ஒரு பாட்டி நின்றுவிட்டார். "மேல ஒண்ணும் எழுதலையே சாமி, வெறுந்தாளுக்கா கை வெக்கறது?" என்றார். அன்றைக்கு எனக்கு பஸ் போய்விட்டது.

எனவே கூட்டம் கலையும் முன் தீர்மானத்தை எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால் கோடு போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் எண்ணுங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

போன கூட்டத்துக்கு வழி, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தேதியின் தீர்மான நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். "ஏன் ரோடு போடவில்லை?" என்று எழுதாதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது, கேட்ட தாளுக்குத்தான் நகல் வரும். உங்களுக்கு எதற்கு என்று அவர்களும் கேட்கக் கூடாது. 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அம்மாப்பேட்டை டிரைவர்: வீடு மலையில், வேலை சேலத்தில். ஓட்டு எங்கே இருக்கணும்ங்க?

மனைவி மக்கள் மலையில் இருந்து, வாராவாரம் வீட்டுக்குப் போகிறவர் என்றால் மலையிலேயே இருக்கட்டும். தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே பெயர் போகாது. குடும்பத்தோடு இங்கே வந்து பத்து வருடமாகி, அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது என்றால் நீங்கள் சேலத்துக்காரர். சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. இடம் மாற்றப் படிவம் 8. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை வேண்டாம்.

சிவதாபுரம்: அப்படியென்றால் இங்கே வேலைக்கு வரும் வடமாநிலத்துப் பையன்களும் சேலத்துக்காரர்கள் ஆகிவிடுவார்களா?

குடியுரிமை, 18 வயது, வழக்கமாகக் குடியிருக்கும் இடம். சட்டம் பார்ப்பது இவற்றைத்தான். தாய்மொழி எது என்று படிவத்தில் கட்டம் கிடையாது.

மீண்டும் சிவதாபுரம்: நாளைக்கு எங்கள் வார்டு கவுன்சிலரை அவர்கள் முடிவு பண்ணுவார்கள். பிறந்து வளர்ந்த எங்களுக்கு என்ன மரியாதை?

கோபம் புரிகிறது தம்பி. ஆனால் வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர் குடும்பங்கள் இந்தச் சேலத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன? அவர்களை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? இன்னொன்று, மலை எஸ்டேட்டுகளில் வேலை பார்க்கும் வடமாநிலத்தவரில் நான் பேசிப் பார்த்த பலருக்குப் பெயரை இங்கே மாற்றவே விருப்பமில்லை. நிலம், வீடு, அம்மா எல்லாம் அங்கே. ஓட்டுப் போட ரயில் ஏறுகிறார்கள்.

குகையிலிருந்து ஒருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறவன் எங்கள் சாக்கடையைப் பற்றி முடிவு பண்ணலாமா?

ஆறு மாதத்தில் திரும்பிப் போகிறவர் இங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆவாரா என்பதே கேள்வி. சந்தேகம் இருந்தால் படிவம் 7இல் ஆட்சேபம் கொடுங்கள், விசாரிப்பார்கள். முகத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, பொய்யாகவும் எழுதக் கூடாது. பொய் உறுதிமொழிக்குச் சிறை உண்டு. அது சரி, அதே சாக்கடை ஓரத்தில் பன்னிரண்டு வருடமாக வாடகை கொடுத்து, பிள்ளையைத் தமிழ்வழியில் படிக்க வைக்கிறவரை என்ன செய்வீர்கள்? அவருக்குப் படிவம் எழுதித் தர நான் தயார்.

சிவதாபுரம்: நீங்கள் அவர்கள் பக்கம்.

பட்டியல் பக்கம். உங்கள் தெருவில் பதினெட்டு முடிந்தும் பெயர் சேர்க்காதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.

ஏற்காடு மாணவர்: 'மலையாளி' என்றாலே கேரளாவா என்கிறார்கள். சான்றிதழுக்கு யாரிடம் போவது?

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது, உனக்கு எப்படி இருக்கும்! மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கியது. பழங்குடிச் சான்றிதழ் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். மனு கொடுத்த ரசீதை வாங்கிக்கொள்.

நகரவாசி: எங்களுக்குக் கிராம சபை கிடையாதா?

பகுதி சபை உண்டு. முதலில் கூடியது 2022 நவம்பர் 1. மாநகராட்சியில் 60 வார்டு. உங்கள் பகுதிக்கு எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

சூரமங்கலம்: வீடு மாறிவிட்டேன். எந்தப் படிவம்?

8. மேலே சொல்லியிருக்கிறேன்.

கொண்டலாம்பட்டி: நோட்டா ஜெயித்தால்?

அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார்.

ஆத்தூர்: பட்டாவில் அப்பா பெயர் தப்பு...

தாசில்தார் அலுவலகம்.

அழகாபுரம்: அட்ரஸ் மாற்றப் படிவம் 6தானே?

8, 8, 8. சாப்பிடப் போகிறேன். ஒப்புகைச் சீட்டு!