பி20 மட்டும் போட்டால் கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: கல்யாணமாகித் திருச்சியிலிருந்து டர்பனுக்கு வந்தேன். சாட்ஸ்வர்த்தில் ஒரு டாக்டரிடம் பில்லிங் வேலை பார்க்கிறேன். எச்.ஐ.வி. நோயாளிகள் இருவரின் கிளெய்மில் நோயைக் குறிக்கும் கோடாக, இணையத்தில் பார்த்து பி20 என்று போட்டேன். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவச் செலவைத் தரும் ஸ்கீம், இரண்டு கிளெய்மையும் திருப்பிவிட்டது. பி20, பி24, இசட்21, இவற்றில் எதை எப்போது போடுவது?

பதில்: நீங்கள் பார்த்தது அமெரிக்க நோய்க் கோட் பட்டியலாக இருக்கும். ஐசிடி-10-சிஎம் என்று அவர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு. அதில் பி20 தனியாகவே நிற்கும். பி21 முதல் பி24 வரை கிடையவே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் கிளெய்முக்குப் போடுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியல். இங்கே பி20-க்குப் பின்னால் புள்ளி வைத்து இன்னொரு இலக்கம் வந்தே ஆக வேண்டும். பி24, இசட்21, ஆர்75 மூன்றுக்கும் புள்ளி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே பள்ளத்தில் விழுந்தவள்தான். சுகாதாரத் துறையின் மாஸ்டர் இண்டஸ்ட்ரி டேபிளை (இங்கே செல்லும் கோட்களின் பட்டியல்) இறக்கி மேசைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோட் முதலிடத்தில் வரலாம் என்பதற்கும் அதில் ஒரு நெடுவரிசை இருக்கிறது.

சரி, எதை எப்போது? டாக்டரின் குறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று வாரமாக இருமல், சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் காசநோய் உறுதி, எச்.ஐ.வி. காரணமாக வந்தது என்று எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். எச்.ஐ.வி.யால் வந்த தொற்று என்பதால் பி20.0 முதலில், அடுத்து காசநோய்க்கான ஏ15.0. அதே ஆளுக்கு வாயில் கேண்டிடா என்ற பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருந்தால் தொற்று இரண்டாகிவிடுகிறது. அப்போது பி20.7 முதலில், பின்னால் ஏ15.0, பி37.0. எச்.ஐ.வி.யால் வந்த கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்கு பி21.0, உடல் உருகிப்போனதற்கு பி22.2.

எச்.ஐ.வி. இருக்கிறது, அதனால் எந்த நோயும் வந்ததில்லை என்றால் இசட்21. 'எச்.ஐ.வி. நோய்' அல்லது 'எய்ட்ஸ்' என்று மட்டும் எழுதி, என்ன நோய் என்று சொல்லாமல் விட்டிருந்தால் பி24. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.வி. மாத்திரை சாப்பிடுகிறாரே, பி24 போட்டுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். 2016 முதல் இந்த நாட்டில் சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எதுவானாலும், நோய் வராதவருக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே மாத்திரையை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஒருமுறை காசநோய் வந்து குணமானவரை மட்டும் நான் இசட்21-க்குத் திரும்பக் கொண்டுபோக மாட்டேன்; டாக்டரைக் கேட்டு பி24 வைப்பேன்.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து, குழந்தையின் சோதனை முடிவு உறுதியாகாமல் இருந்தால் ஆர்75. தாயின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குழந்தை ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கலாம். அவசரப்பட்டு இசட்21 போட்டுவிடாதீர்கள்.

கணுக்கால் சுளுக்கி வந்தவருக்கு எஸ்93.4, எப்படி அடிபட்டது என்பதற்கு ஒரு டபிள்யூ கோட். அன்று டாக்டர் எச்.ஐ.வி.யைத் தொடவே இல்லை என்றால் அதை ஏன் எழுத வேண்டும்? நம் ஊரில் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஆன்ட்டி யாருக்குச் சொந்தம் என்று யாருக்குத் தெரியும்! எந்தக் கோட் எண்ணையும் சத்தமாகப் படிக்கவே படிக்காதீர்கள்.

நோய் விவரமே போகக் கூடாது என்று நோயாளி சொன்னால் அதற்கும் இங்கே ஒரு கோட் இருக்கிறது: யூ98.0. ஆனால் அதன் விலையை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எச்.ஐ.வி. சிகிச்சை சட்டப்படி ஒவ்வொரு ஸ்கீமும் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் ஒன்று. கோட் தெரியாவிட்டால் ஸ்கீமுக்கு அது புரியாது. பணம் ஸ்கீமில் அவருக்கு இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து போகலாம், அல்லது வராமலே போகலாம்.

திரும்பி வந்த இரண்டு கிளெய்மையும் இன்றே எடுங்கள். திருத்தி அனுப்ப விதிப்படி ஸ்கீம் 60 நாள் தர வேண்டும். திருத்தச் சொல்லி ஸ்கீம் கிளெய்மைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அந்த நாள்களை எண்ண வேண்டும். கோப்பில் குறிப்பு போதாவிட்டால் புள்ளிக்குப் பின்னால் வருவதை ஊகித்துப் போடாமல், தாளை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போய்க் கேளுங்கள்.