கேப்டனைக் கேளுங்கள்

கே: பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் கடைசிப் பருவத்தில் இருக்கும் என் மகளுக்கு ஜூனியர்களைக் கவனிக்கும் பொறுப்பு தந்திருக்கிறார்கள். தூக்கமே இல்லை என்கிறாள். இது பரிசா, தண்டனையா?
- ஒரு தாய், மன்னார்குடி

ப: இரண்டும்தான் அம்மா! 49 வாரப் பயிற்சியில் முதலில், மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்தால் போதும். கடைசியில் நாமே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் கூடப் படிப்பவர்களுக்கும் சேர்த்து. எனக்குப் பொறுப்பு வந்ததும் அறைத்தோழனே முறைத்தான். விடியுமுன் யாருக்குக் காலில் கொப்புளம், யார் வீட்டில் கெட்ட செய்தி என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டத்தில் முந்துவதைவிடக் கடைசி ஆளைக் கூட்டிவருவதுதான் பெரிது. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்கிற நமக்குத் தெரியாததா? அவள் புலம்பினால் கேட்டுக்கொள்ளுங்கள், புத்தி சொல்லாதீர்கள். அப்புறம், பயிற்சி முடிந்து அதிகாரியாகும்போது தோளில் நட்சத்திரம் குத்தப் பெற்றோரைத்தான் அழைப்பார்கள். மன்னை எக்ஸ்பிரஸில் இப்போதே இடம் போட்டுவிடுங்கள்.