கேடயத்தின் பின்பக்கம்: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): அருங்காட்சியகத்தில் எல்லாக் கேடயமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது சார். எதைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது?

பதில்: முடிந்தால் பின்னால் போய்ப் பாருங்கள் அம்மா. பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதை வைத்து எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது பாதி புரிந்துவிடும். நடுவில் ஒரே ஒரு பிடி என்றால் கேடயத்தை நீட்டலாம், சாய்க்கலாம், எதிரியின் வாளை ஒதுக்கலாம். வட ஐரோப்பாவின் கடலோடி வீரர்களான வைக்கிங்குகளுடையது அந்த வகை. கை நுழைய நடுவில் ஓட்டை, விரல்களைக் காக்க அதன்மேல் இரும்புக் குமிழ். நார்வேயில் 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் பக்கத்துக்கு 32 என்று 64 கேடயங்கள் கிடைத்தன. கறுப்பும் மஞ்சளும் மாறி மாறிப் பூசியிருந்தார்கள்.

நம் நாட்டு 'டால்' வட்டக் கேடயத்தில் முன்னால் நான்கு குமிழ்கள் இருக்கும். வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்பக்கக் கைப்பிடியின் வளையங்கள் அந்தக் குமிழ்களில்தான் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி (மதுரை): கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடுவது கிரேக்கர்களுக்குப் பெரிய அவமானமாமே, ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிரேக்கக் காலாட்படையின் கேடயம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலம், ஏழு கிலோவை ஒட்டிய எடை. நடுவிலுள்ள பட்டைக்குள் முன்கையை நுழைத்து, விளிம்பில் உள்ள கயிற்றை விரல்களால் பிடிக்க வேண்டும். இப்படிப் பிடித்தால் கேடயத்தில் ஏறக்குறைய பாதி உங்கள் இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதி இடப்புறம் நிற்பவனுக்கு. உங்கள் வலப்பக்கம் திறந்தே கிடக்கும், அதை வலப்புறத்தான் மூட வேண்டும்.

தலைக்கவசம் போனால் நஷ்டம் எனக்கு. கேடயம் போனால் பக்கத்தில் நிற்பவன் செத்தான். கி.மு. 418-இல் நடந்த மான்டினியா போரைப் பற்றி எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடஸ் ஒன்று சொல்கிறார்: படைகள் முன்னேறும்போது தாமாகவே வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகுமாம். ஒவ்வொருவனும் பயத்தில் பக்கத்துக் கேடயத்தின் மறைவுக்குள் ஒண்டுவதுதான் காரணம். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்களின் மூச்சே கேட்பதுபோல் இருக்கும்.

கேள்வி (சேலம்): ரோமானியர்களின் பெரிய கேடயம் இரும்பா?

பதில்: மரம். சிரியாவின் டூரா யூரோபோஸில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம், மெல்லிய மரப்பட்டிகளை மூன்று அடுக்காக, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்தது. நம் பிளைவுட் மாதிரியேதான்.

கேள்வி (கோவை): அப்போது வெண்கலக் கேடயம்தான் உறுதியானதா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. 1960-களில் ஜான் கோல்ஸ் என்ற தொல்லியலாளர் பழைய மாதிரியில் மெல்லிய வெண்கலக் கேடயம் ஒன்றும், பதப்படுத்திய தோல் கேடயம் ஒன்றும் செய்து, இரண்டையும் வாளால் வெட்டிப் பார்த்தார். வெண்கலம் பிளந்தது, தோல் தாக்குப்பிடித்தது. அதனால் அத்தகைய மெல்லிய வெண்கலக் கேடயங்கள் பகட்டுக்கும் சடங்குக்கும் என்று பலர் கருதுகிறார்கள். 2015-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய மரப்பட்டைக் கேடயம் ஒன்று கிடைத்தது. மின்னும் வெண்கலத்தை விட அந்தப் பட்டைத் துண்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): சங்க காலத்தில் கேடயத்தை என்னவென்று சொன்னார்கள் ஐயா?

பதில்: 'தோல்' என்றே சொன்னார்கள். எதனால் செய்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. 'கிடுகு' என்ற சொல்லும் உண்டு. புறநானூற்றின் 17-ஆம் பாட்டில், படையின் கேடயக் கூட்டம் மழைமேகமோ என்று மயங்கவைக்கிறது. சிலம்பம் ஆடுபவர்களிடம் இன்றும் உள்ள மான்கொம்பு என்ற ஆயுதத்தையும் பாருங்கள். இரண்டு கொம்புகள் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும், பிடி நடுவில். தடுத்த கையாலேயே குத்தலாம்.

கேள்வி (சென்னை): ஜப்பானின் சாமுராய் வீரர்கள் ஏன் கையில் கேடயம் பிடிக்கவில்லை?

பதில்: முதலில் அவர்கள் குதிரைமேல் வில்லாளிகள். வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் தோளில் பெரிய தகடுகளைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். தரையில் நிறுத்தும் பலகைக் கேடயம் அவர்களிடமும் இருந்தது.

கேள்வி (தஞ்சாவூர், ஆசிரியை): பள்ளி நாடகத்துக்கு வைக்கிங் கேடயம் செய்யப்போகிறோம். எப்படி?

பதில்: ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அசல் கேடயங்களும் மெல்லியவைதான். சுற்றி விளிம்பில் துணிப்பட்டை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சிராய் கையில் ஏறும். நடுவில் ஓட்டை போட்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பொருத்துங்கள். வர்ணம் அடிக்கும் முன் பிடியை மாட்டி, பிள்ளைகளிடம் கொடுத்துப் பத்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். கை வலித்தால் வட்டத்தைச் சின்னதாக்கிவிடுங்கள்.