சன்ஃபிஷ் குஞ்சுகளை இனங்காண எதைப் பார்க்க வேண்டும்?

வட அமெரிக்கக் குளங்களில் பிடிபடும் விரல் நீளச் சன்ஃபிஷ் (ஒரு நன்னீர் மீன் வகை) குஞ்சு புளூகில்லா, கிரீன் சன்ஃபிஷா, பம்ப்கின்சீடா, இம்மூன்று இனங்களில் எது என்று கேட்டால், நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். நீரின் தன்மைக்கும் மீனின் அச்சத்துக்கும் ஏற்ப நிறம் மாறும்; பக்கவாட்டில் தெரியும் செங்குத்துப் பட்டைகளோ பல இனங்களின் குஞ்சுகளுக்கும் பொதுவானவை.

வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிரீன் சன்ஃபிஷின் வாய் பெரியது. அதன் மேல்தாடை ஏறத்தாழ கண்ணின் நடுப்பகுதிக்குக் கீழ்வரை நீள, புளூகில்லின் சிறிய வாயோ கண்ணை எட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. அடுத்து மார்புத்துடுப்பு: புளூகில்லுக்கு நீண்டு கூர்மையாகவும், கிரீன் சன்ஃபிஷுக்குக் குட்டையாகவும் நுனி உருண்டும் இருக்கும். முதுகுத்துடுப்பின் பின்பகுதியில் உள்ள கரும்புள்ளியைப் பலர் புளூகில்லுக்கே உரிய அடையாளமாகக் கருதுகிறார்கள். ஆனால் அது கிரீன் சன்ஃபிஷிலும் உண்டு, மிக இளம் புளூகில்லில் தெரியாமலும் போகலாம். பம்ப்கின்சீடுக்கு அப்புள்ளி இல்லை. செவுள்மூடி மடலின் ஓரத்தில் உள்ள சிவப்புப் பொட்டே அதன் அடையாளம், அதுவும் குஞ்சுகளில் மங்கலாகவே இருக்கும்.

இவ்வினங்கள் தங்களுக்குள் எளிதில் கலப்பதால், இரண்டு இனங்களின் கூறுகளும் ஒரே மீனில் தெரிந்தால் அதைக் கலப்பினமாகவும் கருதிப் பாருங்கள். இனங்காண்பதற்காகப் படம் எடுக்கும்போது மீனின் வாய் மூடியும் துடுப்புகள் விரிந்தும் இருக்கட்டும்.