பச்சை-தங்க மஃப்ளரைக் கண்டு பயந்த தம்பிக்கு

தம்பி, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு பக்கம் அறை எடுத்திருக்கிறேன், மேட்ச் அன்று பச்சை-தங்க மஃப்ளர் போட்டுக்கொண்டு கும்பலாகக் கத்துகிறார்கள், கலவரமா, கூடப் போய் நிற்கலாமா, டிக்கெட் எப்படி வாங்குவது, பகுதிநேர வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் பதில் சின்னது: டிகிரி படிக்கும் மாணவர் விசாவில், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். அதற்கு மேல் யார் ஆசை காட்டினாலும் போகாதீர்கள்.

கலவரமெல்லாம் இல்லை. அவர்கள் சண்டை சொந்த கிளப்பின் முதலாளிகளோடு. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் பெரும்பங்கு கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். கடன் வாங்கிக் கடையைப் பிடித்துவிட்டு, வட்டியைக் கடைக் கல்லாவிலிருந்தே எடுப்பது மாதிரி. பச்சையும் தங்கமும் 1878இல் ரயில்வே தொழிலாளிகள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணியின் நிறம். அதுதான் 1902இல் யுனைடெட் ஆனது. முதலாளிகளை எதிர்க்கத்தான் அந்தப் பழைய நிறத்தைப் போடுகிறார்கள். 2024இல் பிரிட்டன் பணக்காரர் ஜிம் ராட்கிளிஃப் நாலில் ஒரு பங்கை வாங்கி உள்ளே வந்தார். அதே வருடக் கடைசியில், மீதமிருந்த டிக்கெட் எல்லாம் 66 பவுண்டு, சிறுவருக்கும் முதியவருக்கும்கூடச் சலுகை இல்லை என்றார்கள். அப்புறம் எப்படிக் கூட்டம் கலையும்?

போய் நில்லுங்கள், தெருவில் நின்று கோஷம் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட் திறந்திருக்கிறது, எல்லோரும் ஓடுகிறார்கள் என்று நீங்களும் ஓடாதீர்கள். பெரிய கிளப்கள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் போட்டி மேல் இருந்த கோபத்தில் 2021 மே 2 அன்று அப்படித்தான் மைதானத்துக்குள் புகுந்தார்கள், லிவர்பூலோடு இருந்த ஆட்டமே தள்ளிப்போனது. மேட்ச் அன்று காரணமில்லாமல் களத்தில் கால் வைத்தால் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புகை வரும் குழாயைப் 'பிடி' என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழையப் பார்ப்பதும் குற்றம்தான். உள்ளூர்ப் பையனுக்குப் பெரும்பாலும் அபராதமும் மைதானத் தடையும் வரும். உங்களுக்கு அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்தத் தண்டனையை எழுதியாக வேண்டும். டிக்கெட் விஷயமும் அப்படியே: வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம ஆள்' விற்கிறார் என்று வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் விற்பது 1994 முதல் குற்றம்.

நம்மவர்கள் சிலர் 'மேட்ச் அன்று கதவைப் பூட்டிக்கொண்டு இரு' என்பார்கள். வருடக்கணக்காக இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள். இன்னொரு கோஷ்டி, யுனைடெட் ஜெயித்த வரைக்கும் யுனைடெட், இப்போது பிறவியிலிருந்தே எதிரணியான மான்செஸ்டர் சிட்டி. இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

நான் வந்தது 2010 குளிரில். என்னையும் அப்படித்தான் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். டிராம் நிறுத்தத்தில் மெல்லிய ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த மஃப்ளர் போட்ட ஒரு பெரியவர் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். நாக்கு சுட்டது, சர்க்கரை இல்லை, ஆனாலும் குடித்தேன். கிளேசர் வந்த வருடமே அவர் சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டாராம். ரசிகர்களே சேர்ந்து, ஆளுக்கொரு ஓட்டு என்று தொடங்கிய எஃப்சி யுனைடெட் என்ற தனிக் கிளப்பின் ஆட்டத்துக்குத்தான் போவார், வெளியே கோஷம் போட மட்டும் இங்கே வருவார். அந்த மார்ச்சில் இத்தாலியின் மிலன் கிளப்புக்காக ஆடி யுனைடெட்டிடம் 4-0 என்று தோற்ற யுனைடெட்டின் பழைய வீரர் பெக்கம், போகும்போது பச்சை-தங்க மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பெரியவர் அதைத் தானே வீசிய மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எஃப்சி யுனைடெட் அப்போது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பரி ஊர் கிளப்பின் கிக் லேன் மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். கடைசியில் 2019இல், பணம் இருப்பதற்கு ஆதாரம் காட்டாத முதலாளியால் பரி கிளப்பையே லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். 2023இல்தான் கிக் லேனில் மறுபடி பரி ஆடியது. பெரியவர் போன் போட்டுக் கூப்பிட்டார். எனக்கு நைட் ஷிஃப்ட், போக முடியவில்லை.