பாதி தெரிந்த பாடங்கள்

அன்புள்ள அக்கா,

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பாகூர் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ படித்தேன். பொதுத்தேர்வு இப்போதுதான் முடிந்தது. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினை ஏப்ரலில் மறுபடி எழுத ஒன்பது நாள் இருக்கிறது, சென்டர் புதுச்சேரி. ஜனவரியில் எழுதியதில் 81 பெர்சன்டைல்தான் வந்தது. கோச்சிங் எதுவும் போகவில்லை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய கைடை வைத்துத்தான் படிக்கிறேன். சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல் என்று தொடவே தொடாத பாடங்கள் நிறைய இருக்கின்றன. தோழிகள் குரூப்பில் தினமும் பிடிஎஃப் அனுப்புகிறார்கள், பார்த்தாலே பயமாக இருக்கிறது. இந்த ஒன்பது நாளில் விட்ட பாடங்களைப் படிக்கட்டுமா, படித்ததையே திரும்பப் பார்க்கட்டுமா? காரைக்காலில் இருக்கிற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரியான என்.ஐ.டி.யில் சேர ஆசை. ஆனால் கடலூர்க்காரர்களுக்கு அங்கே கோட்டா கிடையாது என்று மாமா சொல்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மாமா சொன்னதைப் பார்த்துவிடுவோம். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. எந்த மாநிலம் என்பதை வீட்டு முகவரியை வைத்து முடிவு செய்வதில்லை, ப்ளஸ் டூ எந்த மாநிலத்தில் தேறினாய் என்றுதான் பார்ப்பார்கள். பாகூர் புதுச்சேரியில் இருக்கிறது. அதனால் காரைக்காலில் நீ உள்ளூர்ப் பெண், திருச்சியில் வெளி மாநிலத்தவள். அடுத்த தெருவில் இருந்துகொண்டு கடலூர்ப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு இது அப்படியே தலைகீழ். மாமாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்.

இன்னொன்றும் தெரிந்துகொள். ஜனவரி, ஏப்ரல் இரண்டிலும் எழுதினால் எதில் ஸ்கோர் அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள். ஏப்ரலில் மார்க் குறைந்தாலும் உன் 81 எங்கேயும் போகாது. பயப்படாமல் உட்கார்ந்து எழுது.

இனி உன் கேள்வி. விட்ட பாடமா, படித்த பாடமா என்று கேட்கிறாய். இரண்டும் இல்லை என்பேன். இந்த ஒன்பது நாளும் நீ பாதி தெரிந்து வைத்திருக்கிற பாடங்களுக்குத்தான். நன்றாகத் தெரிந்த பாடத்தில் ஏற்கெனவே மார்க் வாங்குகிறாய், அதை மறுபடி படித்தால் மனசுக்கு நிம்மதி, மார்க் ஏறாது. சுழற்சி இயக்கத்தை இன்று தொடங்கினால் நாலு நாள் போய்விடும், கடைசியில் அதுவும் பாதி தெரிந்த பாடமாகத்தான் நிற்கும். ஆனால் பார்முலா தெரிந்தும் விடை தவறுகிறதே, அந்தப் பாடங்கள் ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போதும்.

எவை அந்தப் பாடங்கள் என்று கண்டுபிடிக்க உன் ஜனவரித் தாளே இருக்கிறது. விடைக்குறிப்பு வந்தபோது, நீ எந்த விடையைத் தேர்ந்தெடுத்தாய் என்று காட்டுகிற பக்கத்தை இறக்கி வைத்திருப்பாய். அதைத் திற. தவறான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் காரணம் எழுது: பாடமே தெரியாதா, கணக்குப் போடும்போது தப்பினாயா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? என்னிடம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகள் இதை முதல் தடவை செய்யும்போது, முதல் காரணம் நினைத்ததைவிடக் குறைவாகவும் மற்ற இரண்டும் நிறையவும் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

மூன்றாவது காரணத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்தேக்கி ஒன்றை மின்கலத்தோடு இணைத்து மின்னேற்றம் செய்கிறார்கள். பிறகு மின்கலத்தை எடுத்துவிட்டு, தகடுகளுக்கு நடுவே K மதிப்புள்ள மின்காப்பை நுழைக்கிறார்கள். முதலில் இருந்த ஆற்றல் U என்றால் இப்போது எவ்வளவு? மின்கலம் இல்லாததால் மின்னூட்டம் மாறாது, மின்தேக்குத்திறன் K மடங்கு ஏறுகிறது, ஆகவே ஆற்றல் U/K. மின்கலத்தை எடுக்காமல் இருந்திருந்தால் மின்னழுத்தம் மாறாது, ஆற்றல் KU ஆகியிருக்கும். கேள்வி கேட்பவர் KU-வையும் விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார். “மின்கலத்தை எடுத்துவிட்டு” என்ற இரண்டு சொல்லைத் தாண்டி ஓடிய பிள்ளை, கணக்கைச் சரியாகப் போட்டு, விடை கட்டத்தில் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக அதைத் தொட்டுவிட்டுப் போகும். கிடைக்க வேண்டிய 4 மார்க் போய், தவறான விடைக்காகக் கையில் இருப்பதிலும் 1 குறையும். அந்தப் பிள்ளை மின்தேக்கிப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. மின்கலம் இருக்கும்போது, இல்லாதபோது என்று ஒரு அட்டவணை போட்டு, ஆறேழு கணக்குச் செய்தால் போதும். பாதி தெரிந்த பாடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெரியாததைத் தொடவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்: நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கால் மார்க் லாபம்தான். இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று தள்ளிவிட முடிந்தால் சராசரியாக ஒன்றரை மார்க். ஆகவே இரண்டைத் தள்ள முடிந்த இடத்தில் தைரியமாகத் தொடு. ஒன்றைக்கூடத் தள்ள முடியாத கேள்வியில் “இதுவாக இருக்கும்போல” என்று தோன்றுவதை மட்டும் நம்பாதே. பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறுகளிலிருந்துதான் தவறான விடைகளைத் தயாரிக்கிறார்கள், உனக்குத் தோன்றுவது அந்தப் பொறியாகவே இருக்கலாம். ஒவ்வொரு பாடத்திலும் எண்ணாக விடை எழுத வேண்டிய ஐந்து கேள்விகளில் ஊகமே வேண்டாம். அங்கேயும் 1 மார்க் குறைப்பார்கள், தள்ளிவிட விடைகளும் கிடையாது.

கைடைப் பற்றி எழுதியிருந்தாயே, அதில் கவனமாக இரு. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல், கணிதத் தொகுத்தறிதல் எல்லாம் போய்விட்டன. உன் கைடு அதற்கு முந்தையது என்றால் இவை இன்னும் அதில் இருக்கும். தேர்வை நடத்துகிற என்.டி.ஏ.வின் தளத்தில் இருக்கிற பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையில்லாத அத்தியாயங்களைப் பேனாவால் அடித்துவிடு. தொடவே இல்லை என்று நீ பயப்படுகிற பட்டியலில் இரண்டு மூன்று அதிலேயே குறைந்துவிடலாம்.

எதில் சீக்கிரம் மார்க் ஏறும் என்று கேட்டால், முதலில் வேதியியல். அணைவுச் சேர்மங்களும் டி தொகுதித் தனிமங்களும் பொதுத்தேர்வுக்குப் படித்தது இன்னும் நினைவில் இருக்கும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அந்தப் பகுதிகளை வரிவரியாகப் படி. இயற்பியலில் நவீன இயற்பியல், மின்னோட்டவியல், குறைகடத்தி. கணிதத்தில் அணிகள், வெக்டர், முப்பரிமாண வடிவியல். இவற்றில் நீ பாதி தெரிந்து வைத்திருப்பவை எவையோ அவை முதலில்.

மாக் டெஸ்ட் தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். ஹால் டிக்கெட்டில் எந்த ஷிஃப்டோ அந்த நேரத்திலேயே எழுது. காலை என்றால் ஒன்பது மணிக்கு உட்கார், பிற்பகல் என்றால் மூன்று மணிக்கு. மதியம் சாப்பிட்டுத் தூங்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்து. மூன்று மணி நேரம் எழுதினால் மூன்று மணி நேரம் தவறுகளைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒன்பது மாக் எழுதினால் ஒரே தவறை ஒன்பது தடவை செய்திருப்பாய், அவ்வளவுதான். குரூப்பில் வருகிற பிடிஎஃப் எதையும் திறக்காதே. தோழிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களும் திறப்பதில்லை.

அப்புறம், ஹாலில். 75 கேள்வி, 180 நிமிடம். வேதியியலில் தொடங்கி நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் கணக்குக்கு நேரம் கிடைக்கும். விடையைக் குறித்துவிட்டு, ‘மறுபடி பார்க்க’ என்றும் வைத்த கேள்வியைத் திருத்துவார்களா என்று பலர் குழம்புவார்கள். திருத்துவார்கள். தமிழில் தாள் கேட்டிருந்தால் ஆங்கிலமும் கூடவே தெரியும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தைப் பார், அதுதான் முடிவானது.

காலை ஷிஃப்ட் என்றால் மஞ்சக்குப்பத்திலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிடு. அரியாங்குப்பம் தாண்டினால் முருங்கப்பாக்கம், மரப்பாலம் பக்கம் காலையில் வண்டி நகராது. கேட் மூடுகிற நேரம் ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும், அதற்குப் பிறகு யாரையும் விடமாட்டார்கள். கூட வருகிறவர் மாமாவாகவே இருக்கட்டும், ஆனால் பேருந்தில் கோட்டாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

ஜனவரித் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எந்தெந்தப் பாடம் பாதியில் நிற்கிறது என்று எனக்கு எழுது. இயற்பியல் என்றால் கணக்குகளை நானே தேர்ந்தெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா