செவ்வாயில் என்ன மாதம்?

அன்புள்ள அண்ணா,

செவ்வாய்க் கோளில் பிறந்து வளரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி. ஆண்டுக்கு 668 நாளுக்கும் மேல். விண்கலம் அனுப்பியவர்கள் அந்த நாளை ‘சோல்’ என்கிறார்கள். நானும் அப்படியே எழுதவா, புதுச்சொல் உண்டாக்கவா? நாழிகை, மாதம் எல்லாம் அங்கே செல்லுமா?

குழித்துறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

‘நாள்’ என்றே எழுதுங்கள். 1976இல் வைக்கிங் கலங்கள் இறங்கிய காலத்திலிருந்து சோல் புழங்குகிறது. பூமியில் இருந்துகொண்டு செவ்வாயின் நேரத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு நாளும் குழம்பக் கூடாது, அதற்காக வந்த சொல் அது. உங்கள் பிள்ளைகளுக்கு விடிந்தால் நாள். நம்முடைய நாளைச் சொல்லத்தான் அவர்களுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘பூமி நாள்’ என்பார்கள்.

நாழிகையைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நாளில் அறுபதில் ஒரு பங்குதானே அது? நாள் நீண்டால் கூடவே நீளும். இங்கே 24 நிமிடம், அங்கே ஏறக்குறைய 24 நிமிடம் 40 நொடி. சாமமும் அப்படித்தான்.

மாதம்தான் சிக்கல். திங்கள் என்றாலே நிலா. சித்திரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். செவ்வாயின் இரண்டு நிலாக்களில் ஒன்றான ஃபோபோஸோ 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். மற்றொன்றான டெய்மோஸுக்குச் சுமார் 30 மணி நேரம். இவற்றை வைத்து மாதம் எண்ண வழியில்லை.

1985இல் தாமஸ் கேங்கேல் என்பவர் செவ்வாய்க்கு 24 மாதங்கள் கொண்ட டேரியன் நாட்காட்டியை உருவாக்கினார். ராசிகளின் லத்தீன் பெயரும் சமஸ்கிருதப் பெயரும் மாறி மாறி வரும். கொல்லம் ஆண்டின் கன்னி, துலாம் மாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமே இல்லை. ஆனாலும் எனக்கு நிறைவில்லை. ஏட்டில் நிற்கும் பெயர்கள் அவை.

என் பாட்டி தேதி சொல்லிக் கேட்டதில்லை. ‘நீ கும்பப்பூ அறுப்புக்குப் பொறந்தவன்’ என்பாள். கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. மாதப் பெயர் வயலுக்குள் இறங்கி, நெல்லின் பெயராகி, வயதைச் சொல்லும் பெயராகவும் ஆனது. எனக்கு வேண்டியது அந்த மாதிரிப் பெயர்.

செவ்வாயில் பருவங்கள் சமமாக இருப்பதில்லை. வடபாதியில் வசந்தம் 194 நாள், இலையுதிர்காலம் 142 நாள்தான். சூரியனை நெருங்கும்போது, தென்பாதியின் வசந்தத்திலும் கோடையிலும், புழுதிப்புயல் கிளம்பும். 2018இல் அது கோளையே மூடியது. வெயில் கிடைக்காமல் ஆப்பர்சூனிட்டி ஊர்தி அடங்கிப்போயிற்று. அங்கே இருக்கும் பாட்டி ‘புழுதிக்கு முன்னே பொறந்தவ’ என்றுதான் சொல்வாள். 12 என்றோ 24 என்றோ பங்கு போட வேண்டாம். புழுதிக்காலம், தெளிவுக்காலம் என்று நீளமும் குட்டையுமாகவே இருக்கட்டும்.

சரி, உங்கள் பிள்ளைகளின் ஊர் வடபாதியிலா, தென்பாதியிலா? கூடாரத்துக்குள் என்ன விதைக்கிறார்கள், எத்தனை நாளில் அறுக்கிறார்கள்? அதை முடிவு செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்